பைபாசுக்குக் கிளம்ப மறுத்த செராங்கு

புதிதாக வார்டு வேலைக்குச் சேர்ந்திருக்கிற தம்பி, தங்கைகளுக்கு,

உங்கள் முன்னால் நின்று கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று நர்சிங் ஹோமிலிருந்து சொல்லியனுப்பியிருந்தார்கள். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வேலையில் இருந்தபோதும் அப்படித்தான். அதனால் எழுதித் தருகிறேன். ஐந்தாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்கு வந்தது எழுபதுகளில். முதுகு தேய்ந்துபோய், கட்டிலிலிருந்து ஆளைத் தூக்க முடியாது என்று ஆனதும் வயது முடியும் முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டேன். படுக்கை மாற்றுவது, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் சிஸ்டர் உங்களுக்குச் சொல்லித் தருவார். அதை நான் எழுதப் போவதில்லை. நெஞ்சு ஆபரேஷனுக்குப் போகிறவர்களைத் தயார் செய்வது பற்றி எழுதுகிறேன்.

அப்போது காரைக்காலில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்யும் வசதி கிடையாது. மெட்ராசுக்குத்தான் போக வேண்டும். அங்கே பரிசோதனை செய்து, தேதி கொடுத்து, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். தேதி வரும்வரை நோயாளியைத் தயார் செய்வது எங்கள் வேலை. பீடி, சிகரெட், புகையிலை எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். சொத்தைப் பல்லைப் பிடுங்க வேண்டும். மூச்சுப் பயிற்சி கொடுக்க வேண்டும். இரண்டு பாட்டிலை ரப்பர் குழாயால் இணைத்து, ஒன்றில் இருக்கிற தண்ணீரை ஊதி ஊதி மற்றதுக்கு அனுப்பச் சொல்வோம். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமப் பழக்குவோம். வீட்டில் விட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். அதனால் எங்கள் டாக்டர் ஆளை இங்கேயே படுக்க வைத்துவிடுவார்.

இதெல்லாம் சுலபம். கஷ்டம் எதுவென்றால், அவர்கள் கேட்கிற கேள்விகள். டாக்டர் வரும்போது கேட்க மாட்டார்கள். தலையை ஆட்டிவிட்டு, அவர் போனதும் நம்மைக் கூப்பிடுவார்கள்.

என்னிடம் முதலில் கேட்டவர் கோட்டுச்சேரிக்காரர், நிலத்தில் பாடுபடுகிறவர். "என்னப்பா, பொழைச்சு வந்துருவேனா?" என்றார். நான், "ஒண்ணும் ஆகாதுங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒனக்கு எப்புடித் தெரியும்? மெட்ராஸ்ல போய்ப் பாத்தியா?" என்றார். அதன் பிறகு நான் எது சொன்னாலும் அவர் நம்பவில்லை.

எங்கள் பெரிய சிஸ்டர் இதைக் கவனித்துக்கொண்டிருந்தார். கறாரான மனுஷி. சத்தம் போட மாட்டார், ஆனால் அவர் நிறுத்தி நிதானமாகப் பேசினால் நாங்கள் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு நிற்போம். "ஒண்ணும் ஆகாதுன்னு இனிமே யாருட்டயும் சொல்லாதே" என்றார். "பாத்ததைச் சொல்லு. பாக்காததைக் கேட்டுட்டு வந்து சொல்லு." அடுத்த நோயாளி மெட்ராசுக்குப் போனபோது என்னையும் துணைக்கு அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் நான்தான் கூடப் போனேன்.

அங்கே போய்ப் பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் பிறகு எல்லாருக்கும் சொன்னேன். "நெஞ்சுல வலின்னா காலை எதுக்குச் சவரம் பண்றாங்க? காலை எடுத்துருவாங்களா?" என்பார்கள். காலிலிருந்து ஒரு ரத்தக் குழாயை எடுத்துத்தான் இதயத்தில் அடைப்புக்கு மாற்றுவழி போடுகிறார்கள், காலுக்கு ஒரு தழும்பு மட்டும் மிஞ்சும், நடப்பதற்குக் குறை வராது என்று சொல்வேன். "பாதியில கரண்டு போயிட்டா?" என்று கேட்காத ஆளே கிடையாது. இதை மெட்ராசில் கேட்டேன். ஜெனரேட்டர் இருக்கிறது, அதுவும் நின்றால் இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தை ஓட்டுகிற மெஷினைக் கையால் சுற்றுவதற்குக் கைப்பிடி இருக்கிறது என்று காட்டினார்கள். அந்தக் கைப்பிடியைப் பற்றிச் சொன்னால் எல்லாருக்கும் முகம் தெளியும். "மயக்கத்துல எதையாவது ஒளறிருவேனா?" என்று சிலர் கேட்பார்கள். அவர்களிடம் என்ன ரகசியம் என்று நான் கேட்டதில்லை. வாயில் குழாய் இருக்கும், பேச முடியாது என்று சொன்னால் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

மனைவி வெளியே போனதும் ஆண்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ரெண்டு மாடி மூச்சு வாங்காம ஏற முடிஞ்சா முடியும்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க" என்பேன். ஒருவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "எங்க வீட்டுல மாடியே இல்லையே" என்றார்.

இனி செராங்கு பாயைப் பற்றிச் சொல்கிறேன். எண்பதுகளின் நடுவில் நடந்தது.

செராங்கு என்றால் கப்பலில் மாலுமிகளுக்கு மேஸ்திரி. இவர் பினாங்கு, சிங்கப்பூர் என்று கப்பலிலேயே வாழ்ந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். பேர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள், செராங்கு பாய்தான். பெரிய உருவம். பத்து அடி நடந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். மூன்று குழாயில் அடைப்பு. தேதியைத் தவறவிட்டால் அடுத்த தேதிக்குப் பல மாதம் ஆகும், அதுவரை இந்த இதயம் தாங்காது என்று டாக்டர் அவர் மனைவியிடம் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன்.

ஆபரேஷனைப் பற்றி நான் சொல்லச் சொல்ல, அவர் கப்பலை வைத்துப் புரிந்துகொண்டார். "இதயத்தை நிறுத்திட்டு வேலை பாப்பாங்களா? சரி, எஞ்சினை நிறுத்தித்தான் ரிப்பேர் பாக்கணும். அதுவரைக்கும் கப்பலை யாரு இழுக்குறது?"

"அதுக்கு ஒரு மெஷின் இருக்கு பாய். ரத்தத்தை வெளியில எடுத்துச் சுத்தம் பண்ணி உள்ள அனுப்பும்."

"அப்ப அது டக் போட்டு, இழுவைப் படகு. சரி, வெளங்குது."

பாட்டில் ஊதுவதிலும் அவர்தான் முதல். தண்ணீர் முழுவதையும் ஒரு பாட்டிலிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிட்டு, "இன்னும் பெரிய பாட்டில் இருந்தா கொண்டாப்பா" என்பார்.

ஒரு நாள் நான் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருக்கும்போது கேட்டார். "நீ கூட்டிட்டுப் போனவங்க எல்லாரும் திரும்பி வந்துட்டாங்களா தம்பி?"

பொய் சொல்லியிருக்கலாம். சிஸ்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. "ஒருத்தர் வரலை பாய். மத்தவங்க வந்துட்டாங்க. நடமாடிக்கிட்டு இருக்காங்க" என்றேன்.

"வராதவரு எல்லாருட்டயும் பொறுப்புக் கேட்டுட்டுப் போனாரா?" என்றார்.

"தெரியலை பாய்."

அன்றிலிருந்து தொடங்கியது. தூரப் பயணம் கிளம்புகிறவர்கள் சொந்தக்காரர்களிடமும் பழகினவர்களிடமும், "பேசுனதுல, செஞ்சதுல குத்தம் இருந்தா பொறுத்துக்குங்க" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்புவது அவர்கள் குடும்பங்களில் வழக்கம். இதைத்தான் பொறுப்புக் கேட்பது என்பார்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கேட்பார்கள். கப்பலுக்குப் போகும்போது இவரும் கேட்டிருக்கிறார். இப்போது பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டார். மீன்காரம்மாவை வரவழைத்துக் கேட்டார். வலித்தபோது தான் திட்டிய நர்சிடம் கேட்டார். "நான் மொறைச்சிருந்தா பொறுத்துக்கம்மா" என்று பெருக்க வருகிற பெண்ணிடமும் கேட்டார். அவள் பயந்துபோய்த் துடைப்பத்தை விட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

நல்ல காரியம்தானே என்று நாங்கள் விட்டுவிட்டோம். ஆட்களைக் கூட்டிவந்தும் விட்டேன். ஆனால் ஒவ்வொருவராக 'பொறுத்துக்கிட்டேன்' என்று சொல்லிவிட்டுப் போகப் போக, பாயிடம் ஏதோ குறைந்துகொண்டே வந்தது. பாட்டில் தண்ணீர் பாதிதான் நகர்ந்தது. சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். இருமச் சொன்னால், "இருக்கட்டும் தம்பி" என்றார். முகத்தில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. அமைதியாக இருந்தார்.

பெரிய சிஸ்டர் பாட்டிலைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். வெளியே வந்து என்னிடம், "இவரு மூட்டை கட்டுறாருடா" என்றார்.

கிளம்ப வேண்டிய நாள் வந்தது. காலையிலேயே கார் வந்து வாசலில் நின்றது. பாயின் மனைவி பையோடு தயாராக இருந்தார். பாய் சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ஒரு ஆள் பாக்கி இருக்கு. அவன் பொறுத்துக்கிட்டேன்னு சொல்லாம நான் பயணம் கிளம்ப மாட்டேன்."

அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "அந்த ஆளு எங்க வரப்போறாரு? அவருக்காக நீங்க போகாம இருந்தா, அப்புறம் என் கதி?"

அந்த ஆள் பாயின் கூடப்பிறந்த தம்பி. பாய் செராங்காக இருந்த கப்பலிலேயே வேலைக்குச் சேர்ந்தவர். காவல் பார்க்க வேண்டிய நேரத்தில் தூங்கிவிட்டார் என்று, மாலுமிகள் அத்தனை பேர் முன்னாலும் வைத்துத் திட்டி, அடுத்த துறைமுகத்தில் இறக்கித் திருப்பி அனுப்பிவிட்டார் பாய். அதோடு தம்பியின் கப்பல் வேலை முடிந்தது. ஊரில் அவருக்குத் 'தூங்குமூஞ்சி மாலுமி' என்று பேர் வந்துவிட்டது. கடைத்தெருவில் கயிறும் ஆணியும் விற்கிற கடை வைத்திருந்தார். அண்ணனோடு பேச்சு நின்று பல வருஷம் ஆகிவிட்டது.

டாக்டர் ஊரில் இல்லை. நெஞ்சு நோயாளிக்கு மனசு கொதிக்கக் கூடாது, கோபப்படவே விடக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பான உத்தரவு. தம்பியைக் கூட்டிவந்தால் சண்டை வரலாம், வலி வரலாம், இங்கேயே முடிந்துவிடலாம். கூட்டிவராவிட்டால் கார் கிளம்பாது. எல்லாரும் பெரிய சிஸ்டரைப் பார்த்தோம். அவர் பாயின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம், "போய்க் கூட்டிட்டு வா. நான் பக்கத்துல நிக்கிறேன். வலி வந்தா அந்த ஆளை நானே கழுத்தைப் பிடிச்சு வெளியில தள்ளுவேன். அதுக்கு மேல வர்றது என் பொறுப்பு" என்றார்.

தம்பி, தங்கைகளே, இந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். உத்தரவை மீறுகிற நேரம் வரலாம். அப்போது யார் பொறுப்பு என்பதை வாயால் சொல்லிவிட்டு மீற வேண்டும். டாக்டர் திரும்பி வந்ததும் அவரிடம் முதலில் போய்ச் சொன்னதும் சிஸ்டர்தான்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கடையில் மண்டபத்தூர் மீன்பிடிக்காரர் ஒருவர் கயிறு வாங்கிக்கொண்டிருந்தார். தம்பி கைகளை விரித்துக் கயிற்றை அளந்துகொண்டிருந்தார். ஒல்லியான ஆள். என்னை நிமிர்ந்து பார்த்து, "என்ன வேணும்?" என்றார்.

"நர்சிங் ஹோம்லேர்ந்து வர்றேன்."

"நாங்க யாரும் சீக்கில்லையே."

"ஒங்க நானா கூப்பிடுறாங்க." அண்ணனை அவர்கள் நானா என்பார்கள்.

"எனக்கு நானா யாரும் இல்லை."

திரும்பிப் போக முடியாது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் அப்படியே நின்றேன். மீன்பிடிக்காரர் போனார். இன்னும் இரண்டு பேர் வந்து போனார்கள். கடைசியில் தம்பிக்கே பொறுக்கவில்லை.

"யோவ், மரம் மாதிரி நின்னா வியாபாரம் எப்புடி நடக்கும்? என்னதான் வேணுமாம் அவுகளுக்கு?"

"நீங்க பொறுத்துக்கிட்டேன்னு சொல்லணுமாம். இல்லாட்டி ஆபரேஷனுக்குப் போகமாட்டேங்குறாங்க."

"போகலேன்னா?"

டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். கையில் இருந்த கயிற்றை ஒழுங்காகச் சுற்றி வைத்தார். சட்டையை மாட்டினார். பக்கத்துக் கடைக்காரரிடம், "பாத்துக்கங்க" என்றார். சைக்கிளில் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

அறைக்குள் வராமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டார். பாய் அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். சிஸ்டர் தோளில் கை வைத்து உட்கார வைத்தார்.

"வா" என்றார் பாய்.

"சொல்லுங்க."

"ஒன்னைக் கப்பல்லேர்ந்து எறக்குனது சட்டப்படி சரிதான். ஆனா நாலு பேருக்கு நடுவுல வச்சு நான் பேசுன பேச்சு தப்பு. அதைப் பொறுத்துக்க."

தம்பி வெகுநேரம் அண்ணனைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்தபோது, அழுதுவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன்.

"பொறுக்க முடியாது" என்றார்.

பாயின் மனைவி, "அட பாவி மனுஷா" என்று ஆரம்பித்தார். சிஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாலு பேருக்கு நடுவுல பேசிட்டு, இங்க ரகசியமாக் கட்டில்ல ஒக்காந்துக்கிட்டுக் கேட்டா அது சேத்தி இல்லை நானா. ஊரு கேக்கத் திட்டுனீங்க. ஊரு கேக்கத்தான் பொறுப்புக் கேக்கணும். என் கடை வாசலுக்கு வந்து கேளுங்க."

"நான் எப்புடிடா வருவேன்? பத்தடி நடந்தா நெஞ்சு அடைக்குது."

"நடக்க முடியுற அன்னைக்கு வாங்க. கார்ல வந்து எறங்குனா சேத்தி இல்லை. நடந்து வரணும்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டார். சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பாயின் முகம் சிவந்துபோயிருந்தது. நெஞ்சைப் பிடிப்பார் என்று சிஸ்டர் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை எடுத்துவிட்டார். பாய் நெஞ்சைப் பிடிக்கவில்லை. மூச்சு மட்டும் பலமாக வந்தது. "என்ன திமிரு பாத்தீங்களா? என்னை நடந்து வரச் சொல்றான்" என்றார். கட்டிலுக்கு அடியில் காலால் செருப்பைத் துழாவி மாட்டிக்கொண்டார்.

"தம்பி, அந்தப் பாட்டில் ரெண்டையும் எடுத்துக்க. வழியில ஊதிக்கிட்டே வர்றேன். கார் எங்க நிக்குது?"

மெட்ராஸ் போய்ச் சேரும்வரை தம்பியைத் திட்டிக்கொண்டே வந்தார். நடுநடுவே ஊதினார். தண்ணீர் முழுவதும் நகர்ந்தது.

ஆபரேஷன் சுலபமாக முடியவில்லை. இரண்டாவது நாள் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. இருமினால் வெட்டின எலும்பு வலிக்கும், இருமாவிட்டால் சளி வெளியே வராது. எல்லா நோயாளிகளும் தோற்றுப்போகிற இடம் அதுதான். தலையணையை நெஞ்சில் வைத்து அணைத்துப் பிடித்துக்கொண்டு, "இருமுங்க பாய்" என்று கெஞ்சினேன். கண்ணில் தண்ணீர் வழிய இருமினார். விட்டுவிடலாம் என்று எனக்கே தோன்றியபோதும், "இன்னொரு தடவை பிடி" என்றார். காய்ச்சல் இறங்கியது.

ஊருக்கு வந்த பிறகு, தினமும் நடக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சொன்னால் கேட்கிற நோயாளிகள் குறைவு. பாயை யாரும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. முதலில் வாசல் வரை, பிறகு தெருமுனை, பிறகு பள்ளிவாசல் என்று நடந்தார். ஒரு நாள் காலை கடைத்தெரு வரை வந்துவிட்டார். நான் துணைக்குப் போயிருந்தேன். தம்பி கடை வாசலில் நின்று, "என்னைப் பொறுத்துக்கப்பா" என்றார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

தம்பி தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சத்தம் பத்தலை நானா. எதிர்க் கடைக்கே கேக்கலை. ஸ்டூல் கெடக்கு, ஒக்காந்து ஆறிட்டுப் போங்க. நாளைக்கு வாங்க."

பாய் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தார். திட்டினார். மறுநாள் வந்து இன்னும் சத்தமாகக் கேட்டார். "இன்னைக்குக் கடைத்தெருவுல ஆளு கம்மி" என்றார் தம்பி. அதற்கு மறுநாள், "போணி ஆகலை, இப்பக் கேட்டா எப்புடி?" என்றார். மழை பெய்தால் பாய் குடையோடு வந்தார். நோன்பு மாதத்தில் மாலையில் அஸர் தொழுகை முடித்துவிட்டு வந்தார், டீ மட்டும் குடிக்கவில்லை. ஸ்டூலும் திட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. கடைத்தெரு முழுக்க இதைப் பார்த்துச் சிரிக்கும்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். ஆபரேஷனுக்குப் போகிறவர் மனசை லேசாக்க வேண்டும் என்று அவருக்குப் பாக்கியிருக்கிற எல்லாக் காரியத்தையும் முடித்துக் கொடுத்துவிடாதீர்கள். பயந்தால் பயப்படட்டும், கோபப்பட்டால் சிஸ்டரிடம் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்று அமைதியாக உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்தால்தான் உடனே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும்.

ஒரு நாள் கயிறு வாங்குகிற சாக்கில் நான் மட்டும் அந்தக் கடைக்குப் போனேன். பாய்க்குத் தொப்பை குறைந்து, சட்டை தளர்ந்து, முகம் தெளிந்து, முன்பைவிட நன்றாக இருந்த சமயம். கேட்கலாமா, கூடாதா என்று தயங்கிவிட்டுக் கேட்டேன்.

"எப்பங்க பொறுத்துக்குவீங்க?"

அவர் கைகளை விரித்துக் கயிற்றை அளந்தபடியே, "நானாவை எவ்வளவு காலத்துக்கு நடக்கச் சொல்லியிருக்காரு டாக்டரு?" என்றார்.

"ஆயுசுக்கும் நடக்கணும்னு சொல்லியிருக்காருங்க."

"அப்பறம் என்ன அவசரம்?" என்றார்.